வெண்ணெய் உருண்டைக்குச் சான்று

நாவலூர்
4-6-2024

அன்புள்ள பார்வதம் அக்காவுக்கு,

சௌக்கியம்தான். இடுப்பு மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. போன் செய்தால் அத்திம்பேர் எடுத்து, என் குரலை நன்றாக அடையாளம் கண்டுகொண்டு, "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறார். அதனால் தபால். தபால்காரருக்கு இன்னும் அந்த வித்தை வரவில்லை.

விஷயம் இதுதான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆறு நகைச்சுவைப் புத்தகம் எழுதியதற்கு யாரோ புண்ணியவான் போட்டது. நான் பெண்ணாக வாழ ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. பக்கத்துக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. தலைப்பில் பழைய பெயர், மீசையோடு பழைய போட்டோ, அடியில் 'செங்கல்பட்டு மாவட்ட ஆண் எழுத்தாளர்கள்'. நான் சஹானா என்று திருத்தினால், 'ஏரிக்கரை' என்று புனைபெயர் வைத்துக்கொண்ட ஒரு ஆசாமி மத்தியானத்துக்குள் பழையபடி ஆக்கிவிடுகிறான். வாரப் பத்திரிகையில் நானே என்னைப் பற்றி எழுதியதைக் காட்டினேன். "தன்னைப் பற்றித் தானே சொல்வது சான்றாகாது" என்கிறான். பின்னே யார் சொல்ல வேண்டுமாம், பஞ்சாயத்துத் தலைவரா?

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஜூலை கடைசிக்குள் இந்த வீட்டைக் காலி செய்யணும். சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டைக்குப் பின்னால், ஹெலனம்மா என்பவரின் வீடு பிடித்துப்போய்ப் பேசி முடித்தேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, போனில் என் புத்தகத்தின் பெயரைத் தட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஆம்பள பேரு போட்டுகீது? மூஞ்சி உன் மூஞ்சியாத்தான் கீது. நீ சொல்றத நம்புறதா, நெட்ட நம்புறதா?" சாவி திரும்ப முந்தானைக்குள் போய்விட்டது. இதற்கு முன்னால் இதே போல மூன்று வீட்டு முந்தானை பார்த்தாயிற்று.

நீ ரிட்டயர்டு டீச்சர். கம்ப்யூட்டர் தெரிந்த பழைய மாணவன் யாராவது இருந்தால் சொல்லு. அந்த ஏரிக்கரையைப் பிடித்து ஏரியில் தள்ள வேண்டும்.

உன்
சஹானா


செங்கல்பட்டு
13-6-2024

சிரஞ்சீவி தம்பிக்கு அநேக ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. அத்திம்பேருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, கோபமும் கூடத்தான். மனதில் வைத்துக்கொள்ளாதே. மாவடு போட்டிருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த ஏரிக்கரை யாரோ, என்னவோ. விதிப்படி செய்கிறவரை ஏரியில் தள்ளுவேன் என்பது என்ன பேச்சு? வயதானவராகக்கூட இருக்கலாம். பழைய பெயரும் ஒரு ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே, அது உன்னை என்ன கடித்ததா? மீசையும் அப்போது உனக்கு லட்சணமாகத்தான் இருந்தது.

வேளைக்குச் சாப்பிடு.

பார்வதம்


நாவலூர்
21-6-2024

அக்கா,

நேற்று அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன். சொந்தக் கதையை முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாத எழுத்தாளர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். 'இளமை' என்ற பகுதியில் ஒரு வரி: "ஏழு வயதில் மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையை உருட்ட முயன்று கை சுளுக்கிக்கொண்டார்."

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. மாமல்லபுரத்தில் அன்றைக்கு என்னோடு இருந்தது நீ மட்டும். அப்பாவிடம் "பஸ்ஸிலிருந்து விழுந்தான்" என்று பொய் சொன்னவளும் நீ. உன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கொளவாய் ஏரி.

ஏரிக்கரையம்மா, நமஸ்காரம்.

நான் பெண் என்பதற்குச் சான்று கேட்கிறாயே, அந்தச் சுளுக்குக்கு எந்தச் சான்றைக் கொடுத்தாய்? அந்த வரிக்கு மட்டும் இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

சஹானா


செங்கல்பட்டு
1-7-2024

தம்பிக்கு,

ஆமாம், நான்தான். பக்கத்தைத் தொடங்கியதே நான்தான். ரிட்டயரான பிறகு தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டேன். முதலில் அடித்த பெயர் உன்னுடையது.

நீ பிறந்தபோது எனக்குப் பதினாலு வயது. "உன் தம்பிக்கு நீயே பேர் வை" என்றார் அப்பா. நான் வைத்தேன். நீ போன பிறகு இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. போட்டோக்களை அத்திம்பேர் பரணில் போட்டுவிட்டார். அந்த ஒரு பக்கத்தில்தான் அது இருந்தது. அதையும் நீயே வந்து அழித்தால் நான் என்ன செய்வது? வளர்த்த பிள்ளையைத் தொலைத்தது எனக்கல்லவா தெரியும்.

மாற்ற மாட்டேன். உனக்கு வேறு வீடு கிடைக்கும்.

பார்வதம்


நாவலூர்
6-7-2024

அக்கா,

தொலைந்து போனவள் மாதாமாதம் உனக்குப் போன் செய்துகொண்டுதான் இருக்கிறாள். உன் வீட்டுக்காரர் ராங் நம்பர் என்கிறார். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

நீ வைத்த பெயர் நல்ல பெயர்தான். முப்பத்தேழு வருஷம் அதைச் சுமந்தேன், வெண்ணெய் உருண்டையைத் தள்ளின மாதிரி. அது நகரவில்லை, எனக்குத்தான் சுளுக்கிக்கொண்டது. நாற்பத்தெட்டு வயதில் சஹானா என்பது கொஞ்சம் அலட்டல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

வேறு வீடு கிடைக்கும் என்கிறாய். அந்த வீட்டுக்காரரும் போனில் உன் பக்கத்தைத்தான் பார்ப்பார்.

இனி எழுத மாட்டேன். மாவடு வேண்டாம்.

ச.


செங்கல்பட்டு
29-7-2024

என் தங்கை சஹானாவுக்கு அநேக ஆசீர்வாதம்.

நீ எழுத மாட்டாய். நான் எழுதுகிறேன்.

பத்து நாள் முன்னால் பக்கத்தை மாற்றினேன். தலைப்பில் சஹானா. ஆண் எழுத்தாளர் பட்டியலிலிருந்து எடுத்தேன். போட்டோவையும் எடுத்தேன் (எனக்கு ஒரு காப்பி வைத்துக்கொண்டேன், அதைக் கேட்காதே). மாற்றியதற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதில் "இவள் என் தங்கை. எனக்குத் தெரியும்" என்று எழுதினேன்.

காப்பி கலந்துகொண்டு வருவதற்குள் எவனோ பழையபடி மாற்றிவிட்டான்! "உறவினர் கூற்று சான்றாகாது" என்று எனக்கே பாடம். நீ சொன்னாலும் செல்லாதாம், நான் சொன்னாலும் செல்லாதாம். முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவள், எனக்கு முட்டை போட்டுவிட்டான். மறுபடி மாற்றினேன். மறுபடி அழித்தான். நாலாவது தடவை என்னையே உள்ளே விடாமல் பூட்டிவிட்டார்கள். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ஆசாமியை ஏரியில் தள்ள வழி இருந்தால் சொல்லு.

ஆத்திரம் தாங்காமல் நேற்று சதுரங்கப்பட்டினத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். "எங்கே?" என்றார் அத்திம்பேர். "என் தங்கைக்கு வீடு பார்க்க" என்றேன். ராங் நம்பர் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஹெலனம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் மூக்கை மூடிக்கொள்ளவில்லை என்பதை எழுதி வைத்துக்கொள். "நான் சஹானாவோட அக்கா" என்றேன்.

"கூடப் பொறந்தவங்களா?"

"கூடப் பிறந்தவள்தான். தூக்கி வளர்த்தவள்."

"அட, இத மொதல்லயே வந்து சொல்றதுக்கு இன்னா? நெட்டா அத வளத்துச்சு?" என்று கையைக் கழுவிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

சாவி இதனுள் இருக்கிறது. மீன் வாசனை அடித்தால் அது நான் இல்லை.

புதன்கிழமை பால் காய்ச்ச வருகிறேன். மாவடு கொண்டுவருகிறேன், வேண்டாம் என்று சொல்லிப் பார்.

உன் அக்கா
பார்வதம்

பி.கு.: பக்கத்தில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது. உன் பெயருக்கு மறுபடி சான்று கேட்டிருக்கிறார்கள். வெண்ணெய் உருண்டைக்கு இன்றுவரை யாரும் கேட்கவில்லை.