ரின் மீன் மூடியில் உன் சிரிப்பு

மச்சான்,

நேற்று தபால் கந்தோரில் உன்னால் என் மானம் போய்விட்டது.

வெளிநாட்டிலிருந்து பார்சல் வந்திருக்கிறது என்று துண்டு வந்ததால் போனேன். கண்ணாடி போட்ட ஓர் உத்தியோகத்தர் என் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த ஒரு தகர ரின்னை எடுத்து மேசையில் வைத்தார். கையகலம்தான் இருக்கும். மூடி முழுக்க உன் முகம். கடைவாயில் பல் விழுந்த இடம் தெரிய, கண் இரண்டையும் இடுக்கிக்கொண்டு நீ சிரிக்கிறாய்.

"டேய்! நீ இஞ்ச என்னடா செய்யிறாய்?" என்று கத்திவிட்டேன்.

முதியோர் கொடுப்பனவு எடுக்க வந்த வரிசை அப்படியே திரும்பிப் பார்த்தது. உத்தியோகத்தர் பாவம், எழுந்தே நின்றுவிட்டார். "ஐயா, நான் இஞ்சதான் வேலை செய்யிறன்" என்றார்.

அவருக்கு எப்படி விளக்குவது? தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்து வைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் ஓட்டோவில் ஏறி இருந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கவே இல்லை. ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஒரு அம்மா கையை நீட்டி மறித்தவ. என்னைப் பார்த்துவிட்டு, "வேண்டாம் தம்பி, நீங்க போங்கோ" என்று கையை எடுத்துவிட்டா.

ஆனால் நீயே சொல்லு. ரின் மீன்! உன் முகம், ரின் மீனில்!

ஒரு மாரி மழை நாளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். கடல் கொந்தளிப்பு, சந்தையில் மீன் இல்லை. என் மனுசி ரின் மீனை வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பிரட்டி வைத்திருந்தாள். மணத்தைப் பிடித்ததும் நீ கதிரையை விட்டு எழும்பிவிட்டாய். "டேய் கனடா, கடல் கூப்பிடு தூரத்தில கிடக்கு. நீ தகரத்துக்குள்ள கிடக்கிறதைத் தின்னுறாய். சாம்பல்தீவில எங்கட அப்பர் அறிஞ்சால் என்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டார்" என்று சொல்லி, வெறும் சம்பலோடு சோறு தின்றாய். என் மனுசி இரண்டு கிழமை உன்னோடு கதைக்கவில்லை.

கனடா என்று நீ வைத்த பெயர் இன்னும் ஓட்டோ தரிப்பிடத்தில் நிற்கிறது. புதிதாய் வந்த பெடியள் நான் அங்கே போய் வந்தவன் என்றே நினைக்கிறார்கள். நான் போனது கொழும்பு வரைக்கும்தான். என்னைக் கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன ஏஜென்சிக்காரனிடம் காசையும் பாஸ்போட்டையும் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் ஒரு லொட்ஜில் படுத்திருந்து, ஒற்றைத் துணிப் பையோடு ரயிலில் திரும்பி வந்தேன். ஸ்டேசனில் நீ நின்றாய். ஆறுதலாக ஒரு சொல் சொல்லுவாய் என்று பார்த்தால், "எப்பிடிக் கனடா, அங்க சரியான குளிரோ?" என்றாய்.

அதனால்தான் போன வருசம் என் மகள் துஷி வந்து, "அப்பா, லண்டனில இருக்கிற ஒரு ஏஜென்சி என்னை எடுக்க விரும்புது" என்றபோது எழும்பிப் போய்ப் படலையைச் சாத்தினேன். அவள் கணினியில் படம் வரைகிறவள். புத்தக அட்டை, விளம்பரம், சாமான் பெட்டி என்று கேட்கிறவர்களுக்கு வரைந்து கொடுப்பது. வரைந்தவற்றை இணையத்தில் போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மற்றது ஒன்றும் காதில் விழவில்லை. ஏஜென்சி என்ற சொல் மட்டும் விழுந்தது. "ஏலாது" என்றேன். அவள் அழுதாள். என் மனுசி உனக்கு ஃபோன் எடுத்தாள்.

நீ கப்பல் ஏஜென்சியின் லோஞ்ச் படகு ஓட்டி, முப்பது வருசம் துறைமுகத்துத் தண்ணீரில் கிடந்தவன். வந்ததும் வராததுமாக என்னைத்தான் பிடித்தாய்.

"டேய் விசரா. வெளியில ஒரு கப்பல் வந்து நிக்குது. கப்டனுக்குத் திருகோணமலையில ஆரைத் தெரியும்? தண்ணி வேணும், மரக்கறி வேணும், ஒருத்தனுக்குப் பல்லு வலி. ஆரிட்டக் கேக்கிறது? அதுக்குத்தான் ஏஜென்ட். அவன் கப்பலை வாங்கிறதில்லை, கப்பலுக்காகக் கதைக்கிறவன். உன்ர பிள்ளை கப்பல். லண்டனில படம் தேவைப்படுற கொம்பனி ஆர், அவனுக்கு எது பிடிக்கும், எவன் ஏமாத்துவான் எண்டு அவளுக்குத் தெரியுமோ?"

"என்ர ஏஜென்ட்டும் எல்லாம் தெரியுமெண்டுதானே சொன்னவன்?"

"அவன் முதல்லயே காசு கேட்டவன். கப்பல் வேலை முடிஞ்சு போன பிறகுதான் எங்கட பில் போகும். இவை காசு கேட்டவையோ பிள்ளை?"

"இல்லை மாமா. வேலை கிடைச்சால் அதில ஒரு பங்கு எடுப்பினமாம்."

"பிறகென்ன கனடா?"

பிறகும் நான் நம்பவில்லை. அந்த ஏஜென்சிப் பிள்ளை வீடியோவில் கதைக்க வந்த அன்று, சலூனுக்குப் போய் மயிர் வெட்டி, கல்யாண வீட்டுக்குப் போடுகிற சேட்டைப் போட்டுக்கொண்டு துஷிக்குப் பக்கத்தில் இருந்தேன். நீ மறுபக்கம். பெண் பார்க்க வந்தவர்களைப் போல இருந்தோம். அந்தப் பிள்ளை சிரித்த முகம். ஆனால் வேலை என்று வந்ததும் வெட்டொன்று துண்டிரண்டுதான். துஷி அனுப்பிய படங்களில் பூக்கள், சாமி படங்கள், மான்குட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னாள். எல்லாம் வரைகிற ஆளைத் தேடி ஒருவரும் வருவதில்லையாம். ஒரு படத்தைக் கண்டதும் இது இன்னாருடைய கை என்று தெரிய வேண்டுமாம். துறைமுகத்து மனிசரை வரைந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டாள். அதிலும் ஓட்டோவில் நான் ஒய்யாரமாகச் சாய்ந்திருந்த படத்தைத் தூக்கிவிட்டாள். உன்னுடையதை முன்னுக்கு வைத்தாள். அன்றைக்கு நீ எப்படி மீசையைத் தடவினாய்! எனக்கு எரிந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியில் என் பங்குக்கு ஏதாவது கேட்கச் சொன்னார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாஸ்போட்டை எப்ப குடுக்கவேணும்?" என்று கேட்டேன். துஷி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். மொழிபெயர்க்க மாட்டேன் என்றாள். நீ உன் கப்பல் இங்கிலீசில் கேட்டுவிட்டாய். அந்தப் பிள்ளை ஏதோ சொன்னாள். நீ என் தோளில் கையைப் போட்டுச் சொன்னாய்: "படங்கள்தான் வெளிநாடு போகுமாம், கனடா. பிள்ளை இஞ்சதான் இருப்பாளாம்." சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைத்தான் துஷி அன்று பின்னேரமே வரைந்தாள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் முதல் வேலை வந்தது. ஐரோப்பாவில் ஒரு மீன் கொம்பனி புதிய ரின்னுக்குப் படம் தேடியதாம். ஏஜென்சிப் பிள்ளை உன் படத்தைக் காட்டியிருக்கிறாள். மச்சான், வீடு திருவிழாவாகிவிட்டது! எத்தனை வருசத்துக்கு, எந்தெந்த நாட்டில், ரின்னில் மட்டுமா சுவரொட்டியிலுமா என்று அங்கே அவள் ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். படம் எப்போதும் துஷிக்குத்தான் சொந்தம், பாவிக்கிற உரிமையைத்தான் கொடுப்பதாம். ஓட்டோவை வாடகைக்கு விடுவது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொம்பனிக்காரர் உன் வாயில் இருந்த பீடியை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். பல்லைப் போடச் சொன்னார்கள். ஏஜென்சிப் பிள்ளை விடவில்லை. அந்த ஓட்டையில்தான் சிரிப்பே இருக்கிறது என்று எழுதினாளாம்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. இந்த மனிதர் உண்மையான ஆளா? அப்படியென்றால் அவர் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முகத்தை மாற்ற வேண்டும். துஷி மாற்றிப் பார்த்தாள். மாற்றிய முகம் ஒன்றும் சிரிக்கவில்லை. கையெழுத்து இல்லையென்றால் வேலை போய்விடும். முதல் வேலையே போனால் அந்தப் பிள்ளை இன்னொரு முறை இவளுக்காக யாரிடம் வாய் திறப்பாள்?

நீ அப்போது பெரியாஸ்பத்திரியில் இருந்தாய். மத்தியானத்தில் ஓர் ஆளைத்தான் உள்ளே விடுவார்கள், நான்தான் சூப் கொண்டு வருகிறவன். துஷி இரண்டு இங்கிலீசுத் தாளை என் கையில் தந்து, "அப்பா, என்ன சாமானுக்கு எண்டு வடிவாச் சொல்லிக் கேளுங்கோ. மாமா வேண்டாமெண்டால் வேண்டாம். நான் வேற வரைவன்" என்றாள்.

வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். வார்ட்டுக்குள் வந்து உன் கன்னம் ஒட்டிப்போயிருந்ததைக் கண்டதும் சூப்பை மேசையில் வைத்துவிட்டுத் தாளை மட்டும் நீட்டினேன். எப்படிச் சொல்வது? நீ வேண்டாம் என்றால் பிள்ளை என்னாவாள்? நீ கோபித்தால் நாங்கள் என்னாவது?

நீ தலையணையை நிமிர்த்தச் சொல்லி, கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து வரி வரியாக வாசித்தாய். வாசிக்காமல் நீ எந்தத் தாளில் கையெழுத்து வைத்தாய்? விரல் ஓரிடத்தில் நின்றது. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாய். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"என்னத்துக்கடா இது?"

"ஏதோ சாமானில ஒட்டப் போகினமாம்."

"என்ன சாமான்?"

"அது... கடல் சாமான்."

"ஓ. கடல் சாமான்." மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. "வேற ஒண்டும் சொல்ல இல்லையோ, கனடா?"

"ஒண்டுமில்லை."

கையெழுத்து வைத்தாய். "மருமகளிட்டச் சொல்லு, மூக்கைக் கொஞ்சம் குறைக்கட்டாம்" என்றாய். வீட்டுக்கு வந்து, "எல்லாம் சொன்னனான், ஓமெண்டவர்" என்று துஷிக்குப் பொய் சொன்னேன். அடுத்த கிழமை நீ ஒரேயடியாகப் போய்விட்டாய்.

நேற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு துஷியும் தாயும் துள்ளினார்கள். அடுத்ததாக ஒரு சிறுவர் புத்தகமும் வந்திருக்கிறது, அதுவும் ஏஜென்சிப் பிள்ளை கொண்டு வந்ததுதான். அந்தச் சந்தோசத்தில் எனக்கு வாய் தடுமாறிவிட்டது. "மாமாவுக்கு ரின் மீனெண்டு தெரியாது பிள்ளை, நான் மறைச்சுப்போட்டன்" என்றேன். துஷி என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, அலுமாரிக்குள் இருந்த அந்தத் தாளின் பிரதியை எடுத்து ஓரிடத்தில் விரலை வைத்தாள். "அப்பா, இஞ்ச பெரிய எழுத்தில கிடக்கு. எண்ணெயில அடைச்ச மீன், ரின். மாமா இதை வாசிக்காமலோ வைச்சவர்?"

உன் விரல் நின்ற அதே இடம், மச்சான்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்திருக்கிறாய். நான் சொல்லியிருந்தால் அந்த வார்ட்டையே தலைகீழாக்கியிருப்பாய். நேர்ஸ்மாரைக் கூப்பிட்டு, உன் அப்பரை இழுத்து, என்னைக் கிழித்துத் தோரணம் கட்டி, கடைசியில் கடைவாய் ஓட்டை தெரியச் சிரித்திருப்பாய். அந்த ஒரு சிரிப்பை நான் உனக்குத் தராமல் வந்துவிட்டேன்.

இன்று காலை ஒரு ரின்னைக் கழுவித் துடைத்து ஓட்டோவில் முருகனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் ஏறிய ஓர் ஐயா, "இது எந்தச் சாமி தம்பி?" என்று கேட்டார். "எங்கட மகளின்ர கப்பலை வெளியில கொண்டுபோய் விட்டவர்" என்றேன். அவர் கும்பிட்டார்.

ஆனால் ஒவ்வொரு சந்தியிலும் பிரேக் பிடிக்கும்போது நீ கண்ணை இடுக்கிக்கொண்டு, வேற ஒண்டும் சொல்ல இல்லையோ என்று கேட்கிறாய். அன்றைக்கு நுனி நாக்கு வரை வந்து நான் விழுங்கியது இவ்வளவுதான்:

டேய் மச்சான், இது ரின் மீனுக்கடா.