அங்கியும் ஒன்பதாம் வகுப்பும்

நவம்பர் 11, திங்கள்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. இயற்பியல் அறை 11 டிகிரி. நிலக்கரி வந்துவிட்டது. கொதிகலன் மூட்டும் சாபிர் வரவில்லை, மச்சினன் கல்யாணமாம். ஒன்பதாம் வகுப்பில் பதினான்கு பேரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். மின்சுற்றைத் தொடங்கினேன். பல்பு எரிந்தது. கைதட்டினார்கள். அதிலிருந்து சூடு வருமென்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

நவம்பர் 13, புதன்

தலைமையாசிரியர் எசென்பெக் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தானே தேநீர் ஊற்றினான். இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று நினைப்பவர்கள் அரைக் கிண்ணம் ஊற்றுவார்கள். இவன் விளிம்புவரை ஊற்றினான். ஆனால் ஊரைப் போலவே ‘எஜே’, அக்கா, என்றுதான் அழைத்தான்.

“முப்பத்தெட்டு வருஷம் உழைச்சிட்டீங்க எஜே. பேரப்பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கலாமே?”

“பேரப்பிள்ளைங்க பிஷ்கெக்ல இருக்காங்க. நான் இங்க இருக்கேன்.”

விருப்ப ஓய்வுக் கடிதம் ஒன்று வேண்டுமாம். அவன் அண்ணன் மருமகள் பெர்மெத்துக்கு வேலை வேண்டும். அவள் படித்தது சுற்றுலா. மே மாதம் ஒன்பதாம் வகுப்பை முடித்துவிட்டு எழுதித் தருகிறேன் என்றேன். “அதுவரைக்கும் அவ என்ன பண்ணுவா?” என்றான்.

எசென்பெக் என் மாணவன். இயற்பியலில் அவனுக்கு ஐந்துக்கு மூன்று போட்டேன். அதுவே தாராளம்.

நவம்பர் 14, வியாழன்

கடிதம் எழுதவில்லை. பதினான்கு பேரில் ஆறு பேர் ஜூனில் நாரின் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். அங்கே இயற்பியலில் தேர்வு வைப்பார்கள். பாதியில் விட்டால் ஆறு பேரும் ஆடு மேய்ப்பார்கள். ஆடு மேய்ப்பதில் தவறில்லை. ஆனால் அது அவர்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும்.

நவம்பர் 20, புதன்

13 டிகிரி.

இலக்கிய ஆசிரியை புருல் நடைவழியில் மறித்தாள்.

“எஜே, உங்களுக்கு ஆடா குதிரையான்னு பெத்தவங்க கூட்டத்துல சண்டையாம்.”

“எனக்கு எதுக்கு?”

“வழியனுப்பு விருந்துக்கு அறுக்க. முப்பதாம் தேதி, உடற்பயிற்சிக் கூடத்துல.”

“நான் எங்க போறேன்?”

“அதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. நீங்க ரொம்ப அடக்கமானவங்களாம், அதான் வெளிய சொல்லலையாம்.”

எசென்பெக்குக்கு இனி என் கடிதம் தேவையில்லை. ஊர் முன்னால் எனக்கு வெல்வெட் அங்கி போர்த்துவான். போர்த்துகிற கையை இங்கே யாரும் தள்ளியதில்லை. அப்படி அங்கி வாங்கிய எவரும் அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் இல்லை.

நவம்பர் 21, வியாழன்

குதிரையாம்.

நவம்பர் 24, ஞாயிறு

போகாம இருந்துட்டா? குதிரை குடுத்தவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? போனா — திங்கக்கிழமை எந்த மூஞ்சியோட சாக்பீஸைத் தொடுறது? முப்பத்தெட்டு வருஷம் கத்துக் குடுத்ததுக்கு என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?

அழுதேன். வெங்காயமும் நறுக்கிக்கொண்டிருந்தேன். எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நவம்பர் 27, புதன்

15 டிகிரி. நன்றி சொல்லக் கொதிகலன் அறைக்குப் போனேன். சாபிர் முகம் தொங்கியிருந்தது.

“மச்சினன் கல்யாணத்துல வம்பாயிடுச்சு எஜே. பெரியவர் ஆசி சொன்னாரு. மழை, ஆடு, மாடு எல்லாம் சொல்லிட்டுப் பத்துப் பிள்ளை பெறட்டும்னுட்டாரு. நாங்களும் ஆமீன் சொல்லிட்டோம். பொண்ணு அழுவுது.”

“முழுசாக் கேட்டுட்டுச் சொல்லக் கூடாதா?”

“சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் பூட்ஸ் தேடுற நேரம் எஜே. யாரு காது குடுத்துக் கேக்குறா?”

“இப்ப மாத்த முடியாதா?”

“ஊரே கையேந்திச் சொன்ன ஆமீனையா?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான். “பத்துதான்.”

கொதிகலன் அருகே தேவைக்கு அதிகமாகவே நின்றிருந்தேன்.

நவம்பர் 30, சனி

மதியம் பன்னிரண்டு மணி. நூற்றிருபது பேர். முதல் மரியாதை இடம் கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே. அங்கே என்னை உட்கார வைத்தார்கள். கறி நன்றாக வெந்திருந்தது. எசென்பெக் பதினோரு நிமிடம் பேசினான். பிறகு அங்கி — நீல வெல்வெட், தங்கச் சரிகை, எனக்கு இரண்டு அளவு பெரியது. “நல்லா சாப்புடுங்க எஜே, அங்கி நெறையட்டும்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பெர்மெத் மருமகள் முறைக்கு எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். என்னிடம் குனிந்து, “மின்சுற்று எனக்கே புரியாது எஜே. சொன்னா மாமா காதுல வாங்க மாட்டேங்குறாரு” என்றாள். அரைக் கிண்ணம்தான் ஊற்றியிருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் எசென்பெக் எழுந்தான். “எஜே, ஆசி குடுங்க.”

அங்கி வாங்கியவர்தான் ஆசி சொல்ல வேண்டும். எல்லோரும் உள்ளங்கைகளை ஏந்தினார்கள். நான் அவசரப்படவில்லை. மேய்ச்சல் நிலத்துக்கு மழை கேட்டேன். ஆடு, மாடு, குதிரைக்கு நலம் கேட்டேன். சாலை கேட்டேன். வாசல் பக்கம் பூட்ஸ் தேட ஆரம்பித்தார்கள். அதே குரலில் தொடர்ந்தேன்: பெர்மெத் இந்த வருடம் என் வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடத்தக் கற்கட்டும். மே மாதம் கடைசி மணி அடிக்கும்வரை ஒன்பதாம் வகுப்பை நானே நடத்தி முடிக்கும்படி ஆகட்டும்.

“ஆமீன்!”

நூற்றிருபது பேரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். உரக்கச் சொன்னது எசென்பெக். அவன் கை தாடைக்கு வந்தபோது நின்றது.

புருல் என் காதருகே வந்தாள். “எஜே, என்ன வேண்டிக்கிட்டீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?”

“நான் மட்டுமா வேண்டிக்கிட்டேன்? நூத்திருபது பேரு.”

டிசம்பர் 1, ஞாயிறு

காலை பத்து மணிக்கு எசென்பெக் தொலைபேசியில் வந்தான்.

“எஜே, நேத்து சொன்னது... வெறும் ஆசிதானே?”

“ஆமா. ஆசிதான்.”

குரலைத் தாழ்த்தினான்.

“எங்கம்மாவும் அங்க இருந்தாங்க. ஆமீன் சொன்னதை மீறினா வீட்டுல ஒரு மாடு தங்காதுங்குறாங்க.”

“இயற்பியல்ல அப்படி ஒரு விதி கிடையாது எசென்பெக்.”

“உங்க இயற்பியல் எனக்கு என்னைக்கு வந்துச்சு?” என்றான்.

டிசம்பர் 2, திங்கள்

10 டிகிரி. சாபிருக்குக் காய்ச்சல். கோட்டுக்கு மேல் அங்கியைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். இரண்டு அளவு பெரியதாக இருந்தது வசதி. பிள்ளைகள் ஒரு நிமிடம் சிரித்தார்கள். பிறகு சிரிக்கக் குளிர் விடவில்லை. பெர்மெத் கடைசி பெஞ்சில் புது நோட்டுடன் இருந்தாள். மூன்றாவது முயற்சியில் அவள் பல்பும் எரிந்தது.

இடைவேளையில் எசென்பெக் தேநீர் ஊற்றிக் கொடுத்தான்.

முக்கால் கிண்ணம்.