ஒரே கேசட்டில் அடங்கிய கல்யாணம்

புந்தோங், ஈப்போ
14-9-1986

அன்பு மகள் நல்லம்மாளுக்கு அப்பா ஐயாவு எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லை, நீயும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் உன் அம்மா சொல்லிக்கொள்கிறாள். உடம்புக்குத்தான் குறைவில்லை, மனசு கொதிக்கிறது. கேசட்டைத் தொடாதே என்று நான் கொடுத்த தந்தியைப் பார்த்து என்னமோ ஏதோ என்று பயந்திருப்பாய். அதற்கும் உன்னிடமிருந்து இன்னும் பதில் இல்லை. நாலு வார்த்தைக்கு மேல் எழுதத் தந்தியில் இடம் ஏது, அதனால் முழுக் கதையையும் இதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி, எனக்குத்தான் பொறுமை இல்லை.

தம்பி கல்யாணக் கேசட்டைப் போட்டால் எல்லாரும் நாய் துரத்துவதுபோல ஓடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஐயர் மந்திரம் குருவி கத்துவதுபோல இருக்கிறதாம், படம் முழுக்கக் கோடு கோடாக விழுகிறதாம், அர்ச்சுனன் தாலி கட்டியது கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டதாம், நாத்தனார் முடிச்சைப் போட்டது யார் கை என்றே தெரியவில்லையாம். அதோடு விட்டாயா? என் இடத்தில் வேறு ஒருத்தியை நிறுத்திவிட்டு அதை நான் பார்க்கக் கூடாது என்றுதான் இப்படி அனுப்பினீர்களா என்று கேட்டுவிட்டாய். டிவி நாடகம் பிடித்து வைக்கத்தான் இந்தக் கேசட் லாயக்கு என்றும் எழுதியிருக்கிறாய். உன்னை அங்கே யாரும் நினைக்கவே இல்லை என்று தைப்பிங் கருப்பம்மாள் அத்தை உனக்கு எழுதிப் போட்டது எனக்குத் தெரியும். தாலி கட்டும் நேரத்தில் அவள் மண்டபத்திலேயே இல்லை, பின்பக்கம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவள் பேச்சை நம்புகிறாய், பெற்றவர்களை நம்பவில்லை. எனக்குக் கோபம் வருமா வராதா நீயே சொல்.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்குப் பரீட்சை, வர முடியவில்லை, அதில் யார் மேலும் குற்றம் இல்லை. முடிச்சுப் போட உன் பெரியப்பா மகள் வீரம்மாதான் நின்றாள், அர்ச்சுனனுக்கு அக்கா தங்கை முறையில் வேறு யார் இருக்கிறார்கள். மேளம் கொட்டுவதற்கு முன்னாலேயே உன் அம்மா குறுக்கே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ அலமாரியில் விட்டுப்போன அரக்குச் சேலையை அவள் தோளில் போட்டு, இது எம்மக நல்லம்மா போடுற முடிச்சு, ஒங்கையி சும்மா எரவலு, அவ பேரச் சொல்லிப் போடு லா என்று சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். வீரம்மாவும் உன் பேரைச் சொல்லித்தான் போட்டாள். மணவறையில் உட்கார்ந்திருந்த அர்ச்சுனன் மாலையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லாம் கேசட்டில் இருக்கிறது. அந்த இடத்தில் பாட்டைப் போட்டு மூடிவிடாதே என்று வீடியோக் கடை தாவூத்திடம் நானே சொல்லி வைத்தேன்.

பிறகு ஏன் ஓடுகிறது என்று கேட்பாய். தாவூத் ஆரம்பத்திலேயே, அண்ணே, அஞ்சு மணி நேரம் வருது, ரெண்டு கேசட்டாப் போட்டுத் தர்றேன் என்றான். உன் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. நல்ல காரியத்தை ரெண்டு துண்டாக வெட்டியா மகளுக்கு அனுப்புவது, அது குடும்பத்துக்கு ஆகாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். சரி, பந்தியைக் குறைக்கலாம் என்றால் சாப்பிட்ட அத்தனை பேரும் சண்டைக்கு வருவார்கள். எஸ்டேட்டிலிருந்து லோரி பிடித்து வந்த சனம், முகம் கேசட்டில் இல்லை என்றால் மதிக்கவில்லை என்று ஆகிவிடும். கடைசியில் தாவூத் மூணு மணி நேர நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, அஞ்சு மணி நேரத்தையும் ஒன்றிலேயே அடக்கி, வீட்டுக்கு ஒன்று உனக்கு ஒன்று என்று போட்டுக் கொடுத்துவிட்டான். நம் வீட்டு மெஷினுக்கு இரண்டு வேகமும் தெரியும், வழுக்கிக்கொண்டு ஓடியது. நீ வாங்கியிருக்கும் பழைய மெஷினுக்கு ஒரே வேகம்தான் தெரியுமாம், அதுதான் கல்யாணமே ஓடுகிறது. கேசட்டில் ஒரு கோளாறும் இல்லை தாயி.

இது தெரிந்ததும் உன் அம்மாவைக் கேட்காமலே, சாதாரண வேகத்தில் இரண்டு கேசட்டாக வேறு பிரதி போடச் சொல்லலாம் என்று தாவூத் கடைக்குப் போனேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கேமராவில் பிடித்த மூல நாடாக்களை அவன் வைத்திருக்கவில்லை. அதுலதான் அடுத்தடுத்த கல்யாணம் பிடிச்சோம், கொஞ்ச நாள்தான் வெச்சிருப்பேன்னு அப்பவே சொன்னேன்ல அண்ணே என்கிறான். சொன்னான்தான், நான்தான் தலையாட்டிவிட்டு வந்தேன். சரி, வீட்டுப் பிரதியிலிருந்து எடுக்கலாம் என்றால் அது வீட்டில் எங்கே இருந்தது? எல்லாருக்கும் அவரவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தைப்பிங் போய், பழைய எஸ்டேட் லயத்தைச் சுற்றி, கடைசியில் சிலிம் ரிவரில் உன் தாய்மாமன் ராமையா வீட்டில் கிடந்தது.

பஸ் ஏறிப் போனேன். காப்பி கலக்கிக் கொடுத்து உட்காரவைத்துக் கேசட்டைப் போட்டான். பிள்ளையார் பூஜை முடிந்ததும் மணவறை வரும் என்று பார்க்கிறேன், ஜட்டி போட்ட இரண்டு தடியர்கள் கட்டிப் புரளுகிறார்கள். டிவியில் வந்த மல்யுத்தத்தை அதன்மேல் பிடித்து வைத்திருக்கிறான்! ரெண்டு கேசட்டும் ஒரே கறுப்பா இருந்துச்சு மச்சான், வெறும் கேசட்டுன்னு நெனச்சிட்டேன் என்று தலையைச் சொறிகிறான். காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மல்யுத்தம் சாதாரண வேகமாம், அது ஓடிய ஒரு மணி நேரம் நம்முடைய இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிட்டது. நலங்கு போச்சு, தாலி போச்சு, உன் பேரைச் சொன்னது போச்சு. ராமையா பாயசம் குடிப்பது மட்டும் பத்திரமாக இருக்கிறது. அர்ச்சுனன் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

இதில் எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கிறது, அதை உடைத்துவிட்டால் மேலே யாரும் எதையும் பிடிக்க முடியாதாம். தாவூத் கொடுக்கும்போதே உடைக்கத்தான் போனான். கல்யாணச் சாமானை யாராவது உடைப்பார்களா என்று உன் அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள். இனித் தாலி கட்டியது இருப்பது உன்னிடம் உள்ள கேசட்டில் மட்டும்தான், அதுவும் உடைக்காமல் வந்ததுதான். அதனால்தான் தந்தி கொடுத்தேன். நான் பஸ்ஸில் வந்து இறங்கி விஷயத்தைச் சொன்னதும் அவள் அழவும் இல்லை, தன் தம்பி ராமையாவைத் திட்டவும் இல்லை. சாமி படத்துக்கு ஒரு விளக்கேற்றி வைத்துவிட்டு, ஒடைக்கச் சொல்லுங்க, எம்மக கையால ஒடைச்சா ஒண்ணும் ஆகாது என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்க எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த கையோடு ஒரு கத்தி முனையால் அந்தத் தகட்டை உடைத்துவிடு. பிறகு உன் கூட்டாளிகள் யாரிடமாவது இரண்டு வேகம் உள்ள மெஷின் இருக்கிறதா என்று விசாரித்து, அதில் போட்டு நிதானமாகப் பார். உன் அம்மா என்ன சொன்னாள் என்று உன் காதாலேயே கேள், அதற்குப் பிறகு எங்கள்மேல் கோபம் இருந்தால் எழுது, வாங்கிக்கொள்கிறேன். அதற்குள் நாடகம் பிடித்துவிட்டாய் என்றால், தாயி, அதையும் மறைக்காமல் எழுது. உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் சொல்லித்தானே ஆகவேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாரியாத்தா உனக்குத் துணை இருப்பாள், அம்மா உன் நெற்றிக்கென்று கொடுத்த திருநீறு இதில் மடித்திருக்கிறது. மறந்துவிடாதே, கேசட்டைத் தபாலில் போடாதே, வருகிறவர்கள் யாரிடமும் கொடுத்தனுப்பாதே, இனி நான் ஒருத்தரையும் நம்புவதாக இல்லை. பரீட்சைதான் முடிந்துவிட்டதே, லீவு கேட்டுப் பார். கல்யாணத்துக்குத்தான் உன்னால் வர முடியவில்லை, கல்யாணத்தை நீயே வீட்டுக்குக் கொண்டு வா.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
ஐயாவு