பெட்டி என் கைமேல் கத்தியது

பள்ளங்கி
1965 மார்கழி

அன்புள்ள அண்ணன் ஞானவேலுக்கு, அம்மா அவரைக்காய் உரித்தபடி சொல்லச் சொல்லத் தங்கை தமயந்தி எழுதுவது. பழனி ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே அம்மாவும் நானும் மாடு கன்றும் சுகம். கடற்காற்று பட்டு உங்கள் இருமல் கூடிவிட்டதா, இல்லை குறைந்ததா என்று அம்மா முதலில் கேட்கச் சொல்கிறாள். பூண்டு இந்த வருஷம் பனிக்குத் தப்பிவிட்டது. நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் எழுது, அவன்தானே வடக்கே கடலோரத்தில் அணு மின்சார நிலையம் கட்டுகிற இடத்தில் இருக்கிறான், அவனுக்குத்தான் புரியும் என்று அம்மா சொன்னதால் எழுதுகிறேன்.

முதலில் நான் கவனித்தது சின்ன விஷயம்தான். நம் ஊருக்கு மேலே ஓடையை மறித்து அதே மாதிரி நிலையம் ஒன்று கட்டலாமா என்று பார்க்க சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். நம் வீட்டுச் சுவர்மேல் கதிர்வீச்சை அளக்கிற பெட்டி ஒன்றை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். பக்கத்தில் யாரும் இல்லை, ஆனாலும் அது டிக் என்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு. கடிகாரம் மாதிரி ஒழுங்காக இல்லை, உள்ளே ஏதோ ஒன்று யோசித்து யோசித்துத் தட்டுவது போல இருந்தது. கண்ணாடி போட்ட ஆபீசர் திரும்பி வந்து, பெட்டியின் ஒயர் நுனியில் இருந்த குழலை நம் அம்மிக்கல்லில் வைத்தார், சத்தம் வேகமானது. அம்மா அரைப்பதை நிறுத்திவிட்டாள். கல்லுல, மண்ணுல, மனுஷன் உடம்புல, எல்லாத்துலயும் இந்தக் கதிர் கொஞ்சம் இருக்கும்மா, பயப்படாதீங்க என்று சொல்லி, தைரியம் கொடுப்பதற்காக என் கைமேல் குழலைப் பிடித்தார். டிக் என்றது. வேலிக்கு அந்தப் பக்கம் குப்பம்மாள் அத்தை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஊற்றுக்குப் போனால் பெண்கள் குடத்தை இழுத்துக்கொண்டார்கள். ஏ புள்ள, பொட்டி ஒம் மேல கத்துச்சாமே, கடைசியா மொண்டுக்க என்றாள் அத்தை. நான் கடைசியாகவே மொண்டு வந்தேன், உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு வாய் வராது. அந்த வாரமே பாச்சலூரில் தன் மகனுக்கு என்னைப் பெண் கேட்டிருந்த ஆண்டிச்சாமி மாமாவிடமிருந்து ஆள் வந்தது. விஷயம் தெளிவாகட்டும், அப்புறம் முடிக்கலாம் என்றாராம். அம்மா அன்று சாப்பிடவில்லை.

நிலையம் வரக்கூடாது என்பதில் ஊரே ஒன்றாக இருக்கிறது. அம்மாவும் அப்படித்தான். ஜப்பானில் குண்டு விழுந்த ஊரில் பிறந்த பிள்ளைகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பேப்பரில் படித்துக் காட்டினார். ஊர்ப்பெரியவர் நாச்சிமுத்து ஐயா, கரண்டு எங்கயோ போயிரும், கசடு நம்ம தண்ணியில கெடக்கும் என்று வீடு வீடாகச் சொல்கிறார். அது சரிதான். ஆனால் நம் வீட்டுக்கு வந்து, பெரிய ஆபீசர் வர்றப்ப ஒம் மகள முன்னால நிறுத்து வடிவு, பொட்டி கத்தட்டும், வந்த காலோடயே எங்க குமரியக் கெடுத்துப்புட்டீங்களேன்னு கேப்போம் என்றார். ஒங்க வீட்டுலயும் குமரி இருக்கால்ல, அவள நிறுத்துங்க என்றாள் அம்மா. அவர் கோபப்படவில்லை. மெதுவாக, ஒம் மகன் அவுக சோத்தத் தானே திங்கறான், நீ மாட்டேன்னா ஊரு என்ன நெனைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். நின்றால் என் பேர் போகும், நிற்காவிட்டால் ஊரில் நம் வீடே போகும். அம்மா என்னைப் பார்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். நிற்கிறேன் என்று நான்தான் சொன்னேன்.

பெரிய ஆபீசர் வந்து கூட்டம் போட்ட அன்று மேகம் ஊர் மந்தைவெளிவரை இறங்கிவிட்டது. எதிரில் நிற்கிறவர் முகம் தெரியவில்லை, இருமலை வைத்துத்தான் யார் என்று தெரிந்தது. பாச்சலூர் மாமாவும் வந்திருந்தார். பெட்டியின் குமிழைத் திருப்பினார்கள். குழலை என் கைமேல் வைத்ததும் டிக், டிக் என்றது. நாச்சிமுத்து ஐயா, கேட்டீங்களா, கேட்டீங்களா என்று கத்தினார். எல்லார் மேலயும் இப்படித்தான் கேக்கும் என்று கண்ணாடி ஆபீசர் சொன்னதை யாரும் நம்பவில்லை. எனக்கு எப்படித் தைரியம் வந்தது என்று தெரியவில்லை அண்ணே, அவர் கையிலிருந்த குழலை வாங்கி நாச்சிமுத்து ஐயாவிடம் நீட்டினேன். அவர் கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டு, ஏ புள்ள, தள்ளிப் பிடி என்றார். ஏலே சின்னச்சாமி, நீ நீட்டுலே பாப்பம் என்று யாரோ சொன்னார்கள், சின்னச்சாமி மேகத்துக்குள் போய்விட்டான். நான் நடக்க நடக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆபீசர் கன்றுக்குட்டி மாதிரி என் பின்னால் வந்தார். பாச்சலூர் மாமா பின்னுக்கு நகர்ந்து போய்ப் பூண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார், குழல் படாத கையைத் துண்டில் துடைத்தார்.

அம்மா ஒருத்திதான் கையை நீட்டினாள். அதே சத்தம். ஆபீசர் தன் கைமேல் வைத்தார். அதே சத்தம். அப்போது அம்மா, எங்க கூடப் பொறந்தது இம்புட்டுன்னு காட்டிட்டீங்க சாமி, நீங்க கொண்டாந்து வைக்கப்போறது எம்புட்டுக் கத்தும், அதையும் காட்டுங்க என்றாள். பெரிய ஆபீசர், அது வெளியே வராம இருக்கப் பெரிய சுவர் கட்டுவோம் என்றார். அந்த மாதிரிச் சுவரத்தான் எம் மகன் அங்கன கட்டுறான், எங்க அடுப்புச் சுவத்தையே கோணலாப் பூசுனவன் அவன் என்றாள் அம்மா. ஜனம் சிரித்தது. பெரிய ஆபீசர் சிரிக்கவில்லை. மேலே எழுதிக் கேட்கிறோம் என்று போனவர்கள் இன்னும் வரவில்லை. ஊர் சம்மதம் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை.

ஆனால் அண்ணே, அதன் பிறகு ஊரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. நாச்சிமுத்து ஐயா பேச்சை நடுவில் விட்டுவிட்டுத் தன் மணிக்கட்டைக் காதருகே கொண்டுபோகிறார். குப்பம்மாள் அத்தை பேத்தியைத் தூக்கி அதன் வயிற்றில் காதை வைத்து அசையாமல் நிற்கிறாள். பெட்டி இல்லாமல் கேட்காது என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டி வருவதற்கு முன்பும் அந்தக் கதிர் இருந்ததாம், நாம் பிறப்பதற்கு முன்பும் இருந்ததாம். அம்மா அம்மியில்தான் அரைக்கிறாள், ஆனால் குழவியை எடுக்குமுன் கொஞ்சம் நின்று கவனிக்கிறாள்.

உங்கள் கைமேலும் அங்கே இருக்கிற அந்த மாதிரிப் பெட்டியை வைக்கச் சொல்லி, கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்பது அம்மாவின் கண்டிப்பு. சாப்பிடுமுன் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சத்தம் அதிகம் என்றால் சம்பளத்தைப் பாராமல் வெரசா வண்டி ஏறிவிட வேண்டும், கிழங்கு போட்டாவது பிழைக்கலாம். நீ நூறு வயசு நல்லபடியாக இருக்கணும், உன் நிழல் இந்த வாசலில் விழணும் என்று அம்மா உங்களை ஆசீர்வதிக்கிறாள்.

நேற்று பாச்சலூரிலிருந்து மறுபடி ஆள் வந்தது. எல்லோருக்கும் இருப்பதுதானே, தை பிறந்ததும் பூ வைக்க வருகிறோம் என்று மாமா சொல்லியனுப்பினாராம். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு, ஆளுக்குக் காப்பி வைக்க எழுந்தாள். நான் வாசலுக்குப் போய், வர வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிடுங்கள் என்று அந்த ஆளிடம் சொன்னேன்.

இப்படிக்கு,
தாயார் வடிவு (கைநாட்டு)
எழுதியது தங்கை தமயந்தி