நடுக்களத்து மனிதருக்கு

இன்று காலை எங்கள் பல் கிளினிக்கில் கராம்பு எண்ணெய்ப் போத்தலைத் திறந்தபோது உங்கள் நினைவு வந்தது. இப்போதெல்லாம் அதை யாரும் பெரிதாகப் பாவிப்பதில்லை. எங்கள் டொக்டர் பழைய மனுசி, ஒரு போத்தலை விடாமல் அலுமாரியில் வைத்திருக்கிறா. மூடியைத் திருகியதும் அந்த மணம் எழும்பியது. கையுறையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த அறையின் நோயாளர் கதிரையில்தான் நீங்கள் முதன்முதலாக வந்து இருந்தீர்கள். எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கை பட்டு முன்பல் பாதி உடைந்திருந்தது. நான் அப்போது அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடிக்காத உதவியாளர். உங்கள் ஜேர்மன் அரைகுறை, வாய்க்குள் பஞ்சு வேறு. என்ன வேலை என்று கேட்டேன். "மற்றவைக்குப் பந்து குடுக்கிறது," என்றீர்கள். பகிடி விடுகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் போன பிறகுதான், நாங்கள் இருக்கும் இந்த ஜேர்மன் ஊரின் உதைபந்தாட்ட அணியின் நடுக்கள ஆட்டக்காரர் நீங்கள் என்றும், சேர்பியாவில் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரிலிருந்து இரண்டாம் பிரிவில் விளையாட வந்திருக்கிறீர்கள் என்றும் டொக்டர் சொன்னா.

பல் சரியான பிறகும் டொக்டரைப் பார்க்க நீங்கள் டெர்மின் எடுத்து வந்துகொண்டே இருந்தீர்கள். மூன்றாவது தடவை டொக்டரே சிரித்துவிட்டா. "இவருக்குப் பல்லில ஒண்டும் இல்லை. நீயே இவரோட போய் ஒரு கோப்பி குடி."

நாங்கள் ஜேர்மனில்தான் கதைத்தோம். அதில் உங்களை ஒருமையில்தான் கூப்பிட்டேன். தமிழில் எழுத உட்கார்ந்தால் 'நீங்கள்' என்றுதான் வருகிறது. இதை யாராவது உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தால், "செத்தாப் பிறகுதான் மரியாதை கிடைக்குது," என்று சிரித்திருப்பீர்கள்.

அப்பாவிடம் உங்களைப் பற்றிச் சொன்ன அன்று அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "சேர்பியாவோ? எங்கட நாட்டுச் சண்டை காணாதெண்டு, இன்னொரு நாட்டுச் சண்டையையும் வீட்டுக்குள்ள கொண்டு வாறியோ? அதோட, பந்து அடிக்கிறது ஒரு வேலையோ?" பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்க்கத்தானே வேணும் என்று சாப்பிட வரச் சொன்னார். நண்டுக் கறி. நீங்கள் எங்களைப் பார்த்துப் பார்த்துக் கையால் சாப்பிட்டீர்கள். உறைப்பில் கண் சிவந்து, மூக்கால் ஒழுகியது. தண்ணீர் கேட்டால் மரியாதைக் குறைவோ என்று கேட்காமலே இருந்தீர்கள். அப்பாதான் எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "குடியும் தம்பி, செத்துப் போகாதையும்," என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று.

கலியாணத்துக்குப் பிறகு அப்பா ஒரு சனிக்கிழமை மாட்சும் விடமாட்டார். கம்பளித் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு, "அடி தம்பி, அடி!" என்று தமிழில் கத்துவார். நீங்களோ அடிக்கவே மாட்டீர்கள். பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேலால் ஒருக்காப் பார்ப்பீர்கள். வந்ததும் ஒரு தட்டு. அது வேறொருவரின் காலில் இருக்கும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவுக்கு அதே கவலைதான். "எல்லாத்தையும் மற்றவங்களுக்கே குடுக்கிறார். இவருக்கு எப்ப பேர் வாறது?"

முதற்பிரிவுக்கு ஏறுவதைத் தீர்மானிக்கும் கடைசி மாட்சுக்கு முதல்நாள் மத்தியானம், நீங்கள் சோபாவில் முழங்காலில் ஐஸ் வைத்தபடி இருந்தது கண்ணுக்குள் நிற்கிறது.

"அணியின்ர டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஊசி போட்டா விளையாடலாமாம்."

"உங்களுக்கு ஏலுமோ?"

முடியாது என்பதற்கு அப்பாவிடமிருந்து பொறுக்கிய சொல்லைத் தமிழிலேயே சொன்னீர்கள். "ஏலாது."

அப்படியென்றால் போக வேண்டாம் என்றேன். கெஞ்சினேன், பிறகு சத்தம் போட்டேன். அடுத்த நாள் பயிற்சியாளர் கேட்டபோது நீங்கள் சொன்னது, பிரச்சினை ஒன்றும் இல்லை என்று. இந்த அணி மேலே போவதற்காக எத்தனை வருடம் ஓடினீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கோபத்தோடேயே வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாதியில், இரண்டு பேருக்கு நடுவால் அந்தப் பந்தைக் கொடுத்தீர்கள். கொடுத்த காலை நிலத்தில் ஊன்ற முதல் எதிரணிக்காரன் சறுக்கிக்கொண்டு வந்து மோதினான். அங்கே கோல். முழு மைதானமும் அந்தப் பக்கம் பார்த்துக் கத்தியது. நானும் அப்பாவும் புல்லில் கிடந்த உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அணி முதற்பிரிவுக்குப் போனது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். முழங்கால் திரும்பச் சரிவரவில்லை. அடுத்த பருவத்தின் முதல் மாட்சை டிவியில் போட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டியபடி உருளைக்கிழங்கு உரித்தீர்கள். இடைக்கிடை "எத்தனை?" என்று மட்டும் கேட்டீர்கள். மாதக்கணக்காக நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள், பாதிக் கதையோடும் பாதிச் சாப்பாட்டோடும்.

கடைசியில் உங்களை எழுப்பினது அப்பாதான். "இந்த நாட்டில ஒரு அவுஸ்பில்டுங் இருந்தாத்தான் மனுசன் தம்பி," என்று தினமும் வந்து அரித்தார். நீங்கள் கார் ஓட்டப் பழக்கும் ஆசிரியரானீர்கள். உங்கள் முதல் மாணவன் யார்? அறுபதை நெருங்கிக்கொண்டு, லைசன்ஸ் இல்லாமல் இருந்த அதே அப்பா. பின்சீட்டில் இருந்து நான் சிரித்த சிரிப்பு இன்னும் வயிற்றில் இருக்கிறது. நெடுஞ்சாலைக்குள் நுழையும் இடத்தில் லொறிகள் வரிசையாக வர, அப்பா ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "ஏலாது, ஏலாது!" என்று கத்தினார். நீங்கள் குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள். "ஏலும் மாமா. தோளுக்கு மேலால பாருங்கோ. இடம் இருக்கு. இப்ப போங்கோ." இதைச் சொல்வதற்காகவே தமிழில் பாடமாக்கி வந்திருந்தீர்கள். கார் உள்ளே போய்விட்டது. அப்பா ஒரு கிலோமீட்டருக்கு மூச்சே விடவில்லை. நீங்கள் அன்றுதான், அந்த மாட்சுக்குப் பிறகு முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தீர்கள்.

போன இலையுதிர்காலம், நோய் முற்றி நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்டேன். அந்த மாட்சை விளையாடாமல் விட்டிருக்கலாம் என்று எப்போதாவது நினைத்தீர்களா? "ஒவ்வொரு சனிக்கிழமையும்," என்றீர்கள். பிறகு, "ஆனா பந்து நல்லாய்ப் போனது." கடைசியாக, "இப்ப அது ஒருத்தருக்கும் ஞாபகம் இராது," என்றும் சொன்னீர்கள்.

அடுத்த நாள் அப்பா வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "ஏலும் தம்பி, ஏலும்," என்றார். நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஏலாது மாமா." அதற்குப் பிறகு நீங்கள் அதிகம் கதைக்கவில்லை.

போன கிழமை பாஸ்போட் புதுப்பிக்க நகரசபைக்குப் போனேன். இத்தனை வருடமும் எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான்: '-விச்' என்று முடியும் உங்கள் குடும்பப் பெயரைக் கூப்பிடுவார்கள், நான் எழும்புவேன், என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று தேடுவார்கள். பிறகு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். இனி அப்பாவின் பெயருக்கே மாறலாம்தானே, எழுதவும் சுகம் என்று என் அக்கா சொல்லியிருந்தா.

அங்கே இருந்தவர் ஓய்வுபெறும் வயதுக்காரர். பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த ஆட்டக்காரருக்குச் சொந்தமோ?"

"ஓம், அவரின்ர மனுசி," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கடைசி மாட்ச் அண்டைக்கு நான் மைதானத்தில நிண்டனான். கோல் அடிச்சது ஆரெண்டு இப்ப எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா அந்தப் பந்தைக் குடுத்தது அவர்தான்."

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெயரில் ஏதும் மாற்றம் உண்டா என்று வழமையான கேள்வியைக் கேட்டார்.

"இல்லை," என்றேன். "அதே பெயர்தான்."

அவர் ஓர் எழுத்துக்கூடக் கேட்காமல் அதைக் கணினியில் தட்டினார்.