உயிரோடிருப்பவர்களின் தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

ரோடிகா பணிவுடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆண்ட்வெர்ப்பில் ஓயாத மழை. நான் நன்றாக இருக்கிறேன்.

கப்பல் வேலைக்குப் போய்க் காணாமல் போன தம்பி லிவியுவுக்காக, நீங்கள் சொன்னபடி நம் ருமேனியக் கோயிலில் வாராவாரம் மெழுகுவத்தி ஏற்றிவந்தேன். போன மாதம் ஒரு ஞாயிறு வேடிக்கை நடந்தது. உயிரோடிருப்பவர்களின் மணல் தட்டில் வைப்பதற்குப் பதிலாக, ஏதோ நினைவில் இறந்தவர்களின் தட்டில் நட்டுவிட்டேன். மெழுகுவத்தி விற்கும் பரஸ்கீவா அக்கா, "அடிப் பாவி, கண்ணு பிடரியிலயா இருக்கு? எடுத்து இந்தப் பக்கம் வைடி!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எடுக்கக் கை வரவில்லை. அவளேதான் பிடுங்கி மாற்றினாள்.

அறைத்தோழி நசீஹாவிடம் சொன்னேன். "எங்க பள்ளிவாசல்ல இந்தத் தொல்லையே இல்ல. கை ஏந்தினாப் போதும், அவன் எங்க இருக்கான்னு அல்லாவுக்குத் தெரியும்" என்றாள். நான் பார்த்துக்கொள்ளும் யூதத் தாத்தாவோ, "நாங்க வருஷா வருஷம் செத்த தேதியில விளக்கேத்துவோம். உன் தம்பிக்குத் தேதி என்ன?" என்று கேட்டுவிட்டார். அடுத்த கரண்டி சூப்பை ஊட்டினேன்.

அதிலிருந்து நம் கோயிலுக்குப் பதிலாகக் கத்தோலிக்கர்களின் மாதா கோயிலுக்குப் போகிறேன். அங்கே எல்லோருக்கும் ஒரே தட்டு. யாரும் எதுவும் கேட்பதில்லை.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். நம் ஊர்த் தேன்மெழுகு வத்தியும் கொஞ்சம். இங்கே விற்பதில் வாசனையே இல்லை.

டிராம் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள் அம்மா. ஊரில் நீங்கள் இன்னும் உயிரோடிருப்பவர்களின் தட்டில்தான் ஏற்றுகிறீர்களா?

உங்கள் மகள்,
ரோடிகா