இரண்டு கோட்டிங் பச்சைப் பெயின்ட்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், நம் மோட்டார் சைக்கிளும் நேற்று காலை பத்தரை மணியிலிருந்து சௌக்கியம், அங்கே நீயும் உன் உடம்பும் உன் வேலையும் அதே மாதிரி இருக்க வேண்டும். போனில் சொல்ல வேண்டியதை எதற்கு இவ்வளவு பெரிய கடிதமாக எழுதுகிறார் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், எனக்குக் கோபம் வரும், மீதியைச் சொல்லாமல் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் நீ எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள், எனக்குக் கேட்காது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. வாய் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு இன்னும் மருந்து வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வாசல் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்ததில் அரை டப்பா மிஞ்சிவிட்டது. வண்டியோ உன்னைவிட இரண்டு வயது மூத்தது, அங்கங்கே துரு வேறு, சரி இதற்கும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் எதையாவது அரைகுறையாகச் செய்கிற ஆளா? ஹெட்லைட்டைக் கழற்றி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, போல்ட்டு உட்காருகிற இடம், ஒயரை முடுக்குகிற இடம், யார் கண்ணிலும் படாத இண்டு இடுக்கு ஒன்று விடாமல் இரண்டு கோட்டிங் கொடுத்தேன். மூன்று நாள் வேலை. காய வைத்து எல்லாவற்றையும் மாட்டி வாசலில் நிறுத்தினால் உன் அம்மா வந்து, “வண்டி எங்கே, யாராவது ஓட்டிட்டுப் போயிட்டாங்களா?” என்கிறாள். கேட்டோடு கேட்டாக நிற்கிறதாம், கண்ணுக்கே தெரியவில்லையாம். இவளிடம் போய் அழகைப் பற்றிப் பேச முடியுமா, நீயே சொல்.

அன்று சாயங்காலம் டியூஷன் முடித்துக் கிளம்பும்போது ஹெட்லைட்டைப் போட்டேன். எரிகிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு மினுக்கு. பிரேக்கைப் பிடித்தால் அதுவும் போச்சு. ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் இரண்டும் லேசாகக் கண்ணடிக்கின்றன, இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டால் ஹெட்லைட்டும் கூடச் சேர்ந்து தாளம் போடுகிறது. எதிரே வந்த ஒரு பெண்மணி இந்த வயதில் இது தேவையா என்பது போல என்னை முறைத்துவிட்டுப் போனார். வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலையில் நேரே உன் ஸ்பானர் மாமா பட்டறைக்குத்தான் போனேன், வேறு எங்கே போவேன். அவன் குனிந்து வண்டியை முன்னும் பின்னும் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் ஒரு உப்புத்தாளை எடுத்து என் பச்சைப் பெயின்ட் மேல் வைக்கப் போனான். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. “கை வைக்காத! நல்லா இருக்கிற வண்டியைச் சுரண்டிக் கெடுத்துட்டு, அப்புறம் அதுக்கு ஒரு வேலை பார்க்கிறதுதானே உன் தொழிலே” என்று கத்திவிட்டேன். வண்டி விட வந்த நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், அத்தனை பேர் முன்னாலும். அவன் உப்புத்தாளைக் கீழே வைத்தான், கையைத் துடைத்தான், சாவியை நீட்டி, “எடுத்துட்டுப் போங்க சார்” என்றான். சாராம்! இருபத்தாறு வருடமாக என்னை யோவ் என்று கூப்பிடுகிறவன். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அதற்கப்புறம் பத்தொன்பது நாள் நானே ரிப்பேர் பார்த்தேன். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவனுக்கு ஒரு ஹெட்லைட்டா பெரிய விஷயம்? பல்பு மாற்றினேன், ஒன்றல்ல, மூன்று. ஃபியூஸ் மாற்றினேன். பேட்டரியைச் சார்ஜ் போட்டேன். கைப்பிடி சுவிட்சைப் பிரித்தேன், உள்ளேயிருந்து ஒரு ஸ்பிரிங் துள்ளிக்கொண்டு போய்விட்டது, இரண்டு நாள் நானும் அம்மாவும் தரையோடு தரையாகத் தவழ்ந்து தேடி கடைசியில் அவள் செருப்புக்குள் கிடைத்தது. ஹெட்லைட்டுக்குள் இருக்கிற ஒயர்களை வெளியே இழுத்தேன், வந்தது எல்லாம் திரும்ப உள்ளே போகவே மாட்டேன் என்றது. எந்த நிறம் எங்கே போகிறது என்று ஒரு பெரிய படம் வரைந்து வைத்தால், உன் அம்மா அதன் பின்பக்கத்தில் துணிக் கணக்கை எழுதி சலவைக்காரரிடம் கொடுத்துவிட்டாள். படம் மூன்றாம் நாள் இஸ்திரி போட்டுத் திரும்பி வந்தது.

உண்மையைச் சொல்கிறேன்மா, லைட்டு எரியாததைவிட அவன் பேசாததுதான் என்னை வாட்டியது. பட்டறை வழியாகப் போகக் கூசிக்கொண்டு மூன்று தெரு சுற்றிப் போனேன். எனக்கென்று போய் உட்கார இருப்பது அந்த எண்ணெய்ப் பிசுக்குப் பெஞ்சு ஒன்றுதான், எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். நீ அடுத்த மாதம் வந்ததும் மாமா மாமா என்று அங்கேதான் ஓடுவாய், அப்போது உன்னிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? மன்னிப்புக் கேட்கலாம் என்றால், கோளாறு என்னவென்றே தெரியாமல் போய் நின்றால் ரிப்பேருக்காகக் கெஞ்ச வந்த மாதிரி ஆகிவிடுமே என்று ஒரு வறட்டுக் கௌரவம்.

நேற்று காலை அம்மாவைச் சுவிட்சைப் போட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஃப்ரேமோடு முடுக்கியிருக்கிற ஒயரின் போல்ட்டை நெம்பினேன். ஸ்க்ரூடிரைவர் வழுக்கி என் பெயின்ட்டில் இரண்டு அங்குலத்துக்குக் கீறல். ஐயோ என்று நான் அலற, எரியுது எரியுது என்று அம்மா அலற, அவளுக்குத்தான் என்னமோ ஆகிவிட்டது என்று பதறி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி அவள் மேல் ஊற்றிவிட்டேன். அப்புறம் பார்த்தால் ஹெட்லைட்டு சும்மா ஜெகஜோதியாக எரிகிறது. பேட்டரியிலிருந்து போகிற கரண்ட் அந்த எர்த் ஒயரும் ஃப்ரேமும் தொடுகிற இடம் வழியாகத்தான் திரும்ப வேண்டும், அந்த இடத்தில்தான் நான் இரண்டு கோட்டிங் அடித்து வழியை அடைத்து வைத்திருக்கிறேன். அது வேறு வழியில்லாமல் ஹாரனுக்குள்ளும் இண்டிகேட்டருக்குள்ளும் சந்து சந்தாகப் புகுந்து அலைந்திருக்கிறது. போன கரண்ட் திரும்பி வந்தால்தான் விளக்கு எரியும் என்பது முதல் பாடம், அதற்காக உன் காதைக்கூட ஒரு தடவை திருகியிருக்கிறேன். நீ வரும்போது என் காதைத் திருகிக்கொள்ளலாம்.

அந்த இடத்தைப் பளபளவென்று தேய்த்து, முடுக்கி, பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே பட்டறை வாசலில் போய் நின்றேன். வெளிச்சம் நேராக அவன் முகத்தில். நிமிர்ந்து பார்க்காமலே, “யோவ், பகல்ல எதுக்கு லைட்டு, அணை” என்றான். அந்த யோவைக் கேட்டதும் லைட்டை அணைத்துவிட்டு இறங்கினேன். தப்பு என் மேலதான்டா, நீ அன்னைக்கே எர்த்தைத் தேய்க்கத்தான் உப்புத்தாளை எடுத்த, நான்தான் புத்தி கெட்டுப் பேசிட்டேன் என்றேன். அவன் திருதிருவென்று விழித்தான், பிறகு என்னைப் பட்டறைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னான்: “எர்த்தா? சத்தியமா எனக்கு அது தோணவே இல்லய்யா. டேங்குக்குக் கீழ பெயின்ட் வழிஞ்சு சொட்டுச் சொட்டா நின்னுச்சு, பார்க்கச் சகிக்கலை, அதைத்தான் தேய்க்கப் போனேன்.”

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், பெருமை அவனுக்கு. ஆட்டவில்லை பார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துவிட்டு, நான் அன்று பேசினதுக்கு அப்புறம் இரண்டு பேர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள் என்றான், கோபமாகக்கூட இல்லை, சும்மா சொல்கிற மாதிரி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விறுவிறுவென்று முன்னால் வந்து, பெஞ்சில் இருந்தவர்களிடம், “பத்தொன்பது நாளா நான் தலைகீழா நின்னும் முடியலைங்க, இவன் அன்னைக்கே பார்த்த உடனே கண்டுபிடிச்சுட்டான்” என்று உரக்கச் சொன்னேன். அவன் துடைத்த ஸ்பானரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். எர்த்தை யார் கண்டுபிடித்தது என்பதில் அம்மாவும் வாயைத் திறக்க மாட்டாளாம், வாளித் தண்ணீரை மட்டும் ஊர் முழுக்கச் சொல்வாளாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கோபத்தில் யாரிடமும் பேசாதே, அது நம் பக்கத்துப் புத்தி, உன் அம்மா பக்கத்துடையது அல்ல. நூறு வயது நன்றாக இரு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு நேரே பட்டறைக்குப் போ, கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போ, அந்த எர்த்தை எப்படி மாமா பார்த்ததும் கண்டுபிடிச்சீங்க என்று எல்லோர் காதிலும் விழும்படி கேள். அவன் உண்மையைச் சொல்ல வாயெடுப்பான், சொல்ல விடாதே.

இப்படிக்கு,
ஒன்றும் கண்டுபிடிக்காத உன் அப்பா